குப்பெண்டு கிளம்பும் சூடு: யாழ்ப்பாணப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் உடம்பில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சூடு கிளம்பும். வைத்தியர்கள் அதை ஹொட் ஃபிளஷ் என்பார்கள். எங்கள் பக்கத்தில் "குப்பெண்டு அவியுது", "உடம்பு பத்தி எரியுது" என்று சொல்லிவிட்டு விசிறியைத் தேடுவோம். அதற்கு மேல் அதை ஒரு விசயமாக யாரும் எடுப்பதில்லை. நான் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கிளினிக் மேசையிலும் கோயில் வீதியிலும் கலியாண மண்டபத்துப் பின்வரிசையிலும் பெண்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை என்று நம்பி, வருடக்கணக்கில் ஒழுங்கான நித்திரை இல்லாமல் கிடக்கும் பெண்களை எனக்குத் தெரியும். வழி இருக்கிறது. அது ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து, வரும் சூட்டை எண்ணி எழுதுவதில் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்து வெயிலே இப்படித்தானே அக்கா. இது வெயிலா வயதா என்று எப்படித் தெரியும்?

நியாயமான சந்தேகம். சித்திரை தொடக்கத்தில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆவணியில் திரும்பவும் ஒருமுறை வரும். அந்த நாட்களில் வேர்க்காதவர் யார்? ஆனால் வெயில் புழுக்கம் மெல்ல ஏறி, நிழலுக்கு வந்து மோர் குடித்தால் மெல்ல இறங்கும். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே புழுக்கம் இருக்கும்.

ஹொட் ஃபிளஷ் அப்படி வராது. நெஞ்சிலோ கழுத்திலோ தொடங்கி, சில நொடிகளில் முகம், காது, தலை உச்சி வரை ஓடும். நெஞ்சு படபடக்கும். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 7 முதல் 15 வரை கூடலாம். பிறகு வியர்வை கொட்டும். ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கிய கையோடு சிலருக்குக் குளிர் எடுக்கும். முகம் சிவக்கும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். எங்கள் நிறத்துக்கு அது வெளியே தெரியாமலும் போகலாம், அதனால் கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

எனக்குப் புரிந்தது ஒரு மார்கழி விடியலில். திருவெம்பாவைக்குக் கோயிலில் நிற்கிறேன். எல்லோரும் தலையில் துவாய் சுற்றி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் மட்டும் சீலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றேன். அதுவரை நானும் வெயிலைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

ஏன் இப்படி வருகிறது?

மூளையில் ஹைபோதலமஸ் என்றொரு சிறு பகுதி உடம்பின் சூட்டைக் காவல் காக்கிறது. சாதாரணமாக உள்சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் குறையக் குறைய அந்தப் பொறுமை போய்விடுகிறது. சூடு தொந்தரவு இல்லாத பெண்களின் உடம்பு ஏறத்தாழ 0.4 பாகை செல்சியஸ் வரை ஏற்ற இறக்கத்தைப் பேசாமல் விட்டுவிடுகிறது என்றும், தொந்தரவு உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது என்றும் அளந்து காட்டியிருக்கிறார்கள். வாசலில் படுத்திருக்கும் நாய் முன்பு கள்ளனுக்கு மட்டும் குரைத்தது, இப்போது காவோலை விழுந்தாலும் குரைக்கிறது. அவ்வளவுதான். மிகச் சிறிய சூட்டுக்கே உடம்பு பதறி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது.

அந்தப் பதற்றத்தைக் கிளப்பும் நரம்புக் கலங்களையும் இப்போது அடையாளம் கண்டுவிட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்த அந்தக் கலங்கள், அது குறைந்ததும் பெருத்து, நியூரோகினின் பி என்ற இரசாயனத்தை அளவுக்கு மீறி விடுகின்றன. இதைக் கண்டதால்தான் புது வகை மருந்துகளும் வந்தன. அதைக் கீழே சொல்கிறேன். ஆகவே "உமக்கு மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூளையில் நடப்பதுதான், ஆனால் பிரமை இல்லை.

எந்த வயதில் தொடங்கும்? எவ்வளவு காலம் இருக்கும்?

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் நடக்கும். சூடு அதற்குச் சில வருடம் முன்பே, மாதவிடாய் முன்பின்னாகத் தள்ளிப்போகும் காலத்திலேயே தொடங்கலாம். நான்கில் மூன்று பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் வரும்.

"ஆறு மாதத்தில் போய்விடும்" என்று எங்களுக்கும் படிப்பித்தார்கள். அது பிழை. அமெரிக்காவில் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில் நடுத்தரக் கால அளவு 7.4 வருடம். மாதவிடாய் நிற்க முன்னரே சூடு தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்டது. ஏழு வருடத்தைப் "பொறுத்துக்கொள்" என்று ஒருவருக்குச் சொல்வது லேசான பேச்சா?

நாற்பது வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அது வேறு விசயம். கட்டாயம் வைத்தியரைப் பாருங்கள், எலும்புக்கும் இருதயத்துக்கும் அதில் பாதிப்பு இருக்கிறது.

எண்ணி எழுதச் சொல்கிறீர்கள். எப்படி எழுதுவது?

ஒரு சீ.ஆர். கொப்பி போதும். பிள்ளைகள் பாதியில் விட்ட பழைய கொப்பியாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு முறை சூடு வரும்போதும் நேரம், எங்கே இருந்தீர்கள், எத்தனை புள்ளி என்று ஒரு வரி. புள்ளி போடும் முறை மருந்து ஆய்வுகளில் பாவிப்பதுதான். சூடு மட்டும், வியர்வை இல்லை என்றால் 1. சூட்டோடு வியர்வையும் வந்தது, ஆனால் கைவேலையைத் தொடர முடிந்தது என்றால் 2. வேலையை விட்டுவிட்டு இருக்க வேண்டி வந்தது என்றால் 3.

என் கொப்பியில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது:

விடிய 2.40, கட்டில், 3, சட்டை மாற்றினேன்.
5.15, தேத்தண்ணி வைக்கும்போது, 1.
9.30, குசினி, தேங்காய் திருவும்போது, 2.
11.00, வங்கி வரிசை, 2.
பின்னேரம் 3.20, சும்மா இருந்தேன், 1.
6.45, விளக்கு வைக்கும்போது, 2.
இரவு 9.50, படுக்கப் போகும்போது, 1.

ஏழு முறை. புள்ளிகளைக் கூட்டினால் 12. இப்படி ஏழு நாளையும் கூட்டி, வாரத்துக்கு ஒரு எண் எடுங்கள். வந்த தடவைகளை மட்டும் எண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஒரு நாளைக்குப் பத்து முறை லேசாக வருபவரும், இரண்டே முறை வந்து நனைந்து எழும்புபவரும் ஒன்றல்ல.

எங்கள் ஊருக்காக நான் இரண்டு விசயம் சேர்த்துக்கொண்டேன். கரண்ட் போன நேரத்தை ஓரத்தில் ஒரு கோடாகக் குறிப்பேன். ஃபேன் நின்றதால் வந்த புழுக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் இருக்க அது உதவும். அப்புறம், தலைமாட்டில் ஒரு பென்சிலும் கடதாசித் துண்டும். இரவில் வந்ததற்கு லைற் போடாமல் ஒரு கோடு இழுத்தால் போதும், விடிந்ததும் கொப்பியில் ஏற்றலாம். காலையில் நினைத்துப் பார்த்து எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும்.

மருந்து தொடங்க முன் ஒரு வாரமோ இரண்டு வாரமோ எழுதுங்கள். தொடங்கி ஒரு மாதம் கழித்து திரும்ப ஒரு வாரம் எழுதுங்கள். 84 என்று இருந்தது 30 ஆனால், அது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும் சாட்சி.

ஆய்வுகளிலும் இப்படிக் கொப்பிதானா? இதற்கு இயந்திரம் இல்லையா?

இருக்கிறது. நெஞ்செலும்பின் மேல் இரண்டு மின்வாய்களை ஒட்டி, தோலில் மின்சாரம் கடத்தும் தன்மை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். வியர்வை வந்தால் அது கூடும். 30 நொடிக்குள் இரண்டு மைக்ரோமோ அளவு கூடினால் ஒரு ஹொட் ஃபிளஷ் என்று கணக்கு. ஆனால் அது ஆய்வுகூடத்துச் சாமான். சாதாரண வெக்கை வியர்வையும் அதைக் குழப்பும்.

புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில்கூட பெண்களின் நாட்குறிப்புத்தான் பிரதானம். நாளைக்கு ஏழு முறைக்குக் குறையாமல், அல்லது வாரத்துக்கு 50 முறை, நடுத்தரமாகவோ கடுமையாகவோ வருபவர்களையே சேர்ப்பார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை குடித்தவர்களுக்கும் கணிசமாகக் குறைந்திருக்கிறது. அதனால் "நான் இதைக் குடித்தேன், எனக்குச் சுகம்" என்ற ஒருவரின் சாட்சியை மட்டும் வைத்து எதையும் வாங்காதீர்கள்.

இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

45 வயதுக்கு மேல், மாதவிடாய் முன்பின்னாகி, சூடும் வந்தால் ஹோர்மோன் சோதனை தேவையில்லை. எஃப்.எஸ்.எச். என்ற ஹோர்மோனின் அளவு இன்றைக்கு ஒன்று, அடுத்த கிழமை இன்னொன்று என்று ஆடும். அந்தக் காசுக்கு தைரொயிட் சோதனை செய்வது நல்லது.

இது வேறு வருத்தமாக இருக்கலாமா?

இருக்கலாம், அதனால்தான் இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் காய்ச்சல்மானியை வாயில் வைத்துப் பாருங்கள். ஹொட் ஃபிளஷ் வரும்போது தோல் சுடும், ஆனால் காய்ச்சல் காட்டாது. 100.4 பாகை பரனைற்றோ அதற்கு மேலோ காட்டினால் அது காய்ச்சல். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் டெங்குவை மனதில் வைத்திருக்க வேண்டும்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் மிகக் கவனம். சீனி குறைந்துபோனாலும் திடீரென்று வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். கூடவே கை நடுக்கம், பசி, தலைச்சுற்று இருந்தால் உடனே விரலில் குத்திச் சீனி அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் முதலில் சீனித் தண்ணீர் குடியுங்கள், மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம். மானி கைக்கெட்டாத இடத்தில் இருந்தால் குத்திப் பார்க்கக் காத்திருக்காமலே குடியுங்கள். விரத நாட்களில், கௌரி விரதக் காலத்தில் முக்கியமாக, இது நடக்கும். வயதுச் சூடு என்று நினைத்து விசிறிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

இரவு வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், மெலிவு இருந்தால் காசநோய்க்குச் சளி சோதிக்க வேண்டும். மெலிவும் கை நடுக்கமும் நிற்காத படபடப்பும் தைரொயிட் கூடியதால் வரலாம். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டால் பொறுத்திருக்க வேண்டாம். பிரஷருக்கு எடுக்கும் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற குளிசைகளாலும் முகம் சூடாகும். நெஞ்சு இறுக்கத்தோடு, மூச்சு முட்டலோடு வரும் வியர்வைக்குக் கொப்பி எடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மீண்டும் இரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், காட்டியே ஆக வேண்டும்.

கூழ், உறைப்புக்கறி, தேத்தண்ணி எல்லாவற்றையும் விட வேண்டுமா?

கொப்பியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுடச்சுடத் தேத்தண்ணி குடித்த பத்து நிமிடத்தில் ஐந்து நாளும் சூடு வந்திருந்தால், ஆற வைத்துக் குடியுங்கள். ஒரு தொடர்பும் தெரியாவிட்டால் எதையும் விட வேண்டாம். உறைப்பையும் கோப்பியையும் விட்டால் சூடு குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உரலும் பானையுமாக வீடே கூடிக் காய்ச்சும் ஒடியல் கூழை, ஆதாரமில்லாத ஒரு பத்தியத்துக்காக ஒரு பெண் தள்ளி வைத்துவிட்டு விறாந்தையில் தனியே இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

உடம்பு நிறை கூடியவர்களுக்குக் கொஞ்சம் குறைத்தால் சூடு குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. புகைத்தல் கூட்டும்.

இரவில் நனைந்து எழும்புகிறேன். என்ன செய்யலாம்?

பருத்திச் சோட்டி, பருத்தி விரிப்பு, தலைமாட்டில் மாற்றுச் சட்டை ஒன்று, ஈரத்துவாய், பனையோலை விசிறி. ரெக்சின் உறை போட்ட மெத்தையைவிட பாய் நல்லது. என் பெரியம்மா விடிய இரண்டு மணிக்குக் கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தோய்ந்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு சீமெந்துத் திண்ணையில் படுப்பா. துலா சத்தம் கேட்டு நாங்கள் விழிப்போம். "என்னணை பெரியம்மா?" என்றால், "ஒண்டுமில்லை பிள்ளை, வெக்கை" என்பா. எத்தனை வருடம் அப்படி என்று யாரும் கேட்கவில்லை.

இவையெல்லாம் ஆறுதல் தரும், நானும் செய்தேன். ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. வாரத்தில் மூன்று நான்கு இரவு நித்திரை உடைகிறது என்றால் வைத்தியம் தேவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தாவாரி, சோயா, வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் மூலிகைக் குளிசை?

சாத்தாவாரிக் கஞ்சியைச் சாப்பாடாகக் குடியுங்கள். மருந்தாக நம்பி இருக்கும் அளவுக்குச் சான்று இல்லை. சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் உண்டு. ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் வெற்றுக் குளிசையைவிட மேலாக இல்லை. பிளாக் கோஹோஷ் என்ற வேர் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூட்கேசில் வந்து இறங்குகிறது. அதை எடுத்தவர்களில் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. அன்போடு அனுப்புகிறார்கள், தெரியும். ஆனாலும் போத்தலை வைத்தியரிடம் காட்டாமல் திறக்க வேண்டாம்.

ஹோர்மோன் மருந்து எடுத்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

இந்த ஒரு பயத்தால்தான் எங்கள் தலைமுறைப் பெண்கள் பலர் மருந்தின் பக்கமே போகவில்லை. கதையை முழுதாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வு. அதில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹோர்மோனும் சேர்ந்த குளிசையைச் சோதித்த பகுதியில் 16,608 பெண்கள். 2002 ஜூலையில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்புப் புற்றுநோயும் இரத்தக் கட்டியும் கூடுகின்றன என்று செய்தி உலகம் முழுக்கப் போனது. எவ்வளவு கூடியது? வருடத்துக்குப் பத்தாயிரம் பெண்களில் மார்புப் புற்றுநோய் 30 பேருக்கு வந்த இடத்தில் 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் அதிகம். அது சின்ன விசயம் என்று நான் சொல்லவில்லை, அந்த எட்டில் ஒருவராக இருப்பவருக்கு அது முழு வாழ்க்கை. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. சூடு தாங்காமல் வருகிற 50 வயதுப் பெண்ணின் நிலை வேறு. கர்ப்பப்பை எடுத்து, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்புப் புற்றுநோய் கூடவும் இல்லை.

பிறகு அந்தத் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்து வந்த முடிவு: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால், தடை எதுவும் இல்லாத பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம். சூட்டுக்கு இதைவிட வலுவான மருந்து இன்னும் வரவில்லை. எண்ணிக்கை ஏறத்தாழ 75 வீதம் குறைகிறது. சில வாரத்தில் வித்தியாசம் தெரியும், முழுப் பலனுக்கு மூன்று மாதம் வரை போகலாம். எலும்புக்கும் காவல்.

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியே எடுக்கக் கூடாது. உள்வரி தடித்துப் புற்றாகும் ஆபத்து உண்டு, அதைத் தடுக்க இரண்டாவது ஹோர்மோன் கட்டாயம். தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ எடுத்தால் இரத்தக் கட்டி ஆபத்து குளிசையைவிடக் குறைவு. எங்கே கிடைக்கும் என்று வைத்திய நிபுணரிடமே கேளுங்கள்.

மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்தவர்கள், மாரடைப்பு அல்லது பாரிசவாதம் கண்டவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. இன்னொருவருடைய சீட்டைக் காட்டிப் பாமசியில் வாங்கவே கூடாது.

ஹோர்மோன் வேண்டாம், அல்லது எடுக்க முடியாது. வேறு மருந்து?

இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லபக்சின், பரொக்செட்டின் போன்றவை சிறிய அளவிலேயே சூட்டைக் குறைக்கின்றன. சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து "எனக்கு விசர் எண்டு நினைச்சிட்டினமோ" என்று மருந்தைக் கால்வாயில் கொட்டிய ஒரு அம்மாவைத் தெரியும். அப்படி இல்லை. அந்த மருந்து சூட்டைக் காக்கும் மூளைப் பகுதியிலும் வேலை செய்கிறது. பரொக்செட்டினை 7.5 மில்லிகிராம் அளவில் சூட்டுக்கென்றே அமெரிக்காவில் 2013இல் அங்கீகரித்தார்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின் இரவுச் சூட்டுக்கு உதவும், நித்திரையும் தரும், காலையில் தலை சுற்றலாம். ஒக்சிபியூட்டினினும் உதவும், வாய் காயும், வயது கூடியவர்களுக்கு நினைவு மந்தமாகலாம்.

மேலே சொன்ன நியூரோகினின் பி வேலையைத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஹோர்மோன் இல்லாமல், பதற்றம் கிளம்பும் இடத்திலேயே கைவைக்கும் முதல் மருந்து அது. ஆனால் அரிதாக ஈரலைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று 2024 டிசம்பரில் உயர்மட்ட எச்சரிக்கை சேர்த்தார்கள். தொடங்க முன்னும், முதல் மூன்று மாதம் மாதாமாதமும், பிறகு ஆறாம் ஒன்பதாம் மாதங்களிலும் ஈரல் சோதனை வேண்டும். பார்சலில் எடுப்பித்துச் சும்மா விழுங்கும் மருந்து அல்ல.

மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்சிஃபென் எடுக்கிறேன். சூடு தாங்க முடியவில்லை.

தமொக்சிஃபெனே சூட்டைக் கிளப்பும். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அது உங்களைக் காக்கும் மருந்து. தெல்லிப்பழையிலோ நீங்கள் காட்டும் புற்றுநோய்க் கிளினிக்கிலோ சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வென்லபக்சின் கொடுக்கலாம். பரொக்செட்டின் உங்களுக்குச் சரிவராது, தமொக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுக்கும்.

கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள். எனக்கும் வருமா?

சூலகங்களையும் எடுத்திருந்தால் சில நாட்களிலேயே, அதுவும் கடுமையாக வரலாம். சூலகம் இருந்தால் தன் காலத்தில் வரும், மாதவிடாய் இல்லாததால் உங்களுக்குச் சூடுதான் முதல் அறிகுறி. என்ன எடுத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் தந்த உங்கள் டயக்னோசிஸ் கார்டில் எழுதியிருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆண்களுக்கும் வருமா?

வரும். புரொஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹோர்மோனைக் குறைக்கும் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இதே சூடு. வெட்கத்தில் அவர்கள் பெண்களைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள்.

மனப் பயிற்சியால் குறையுமா?

அறிவு நடத்தைச் சிகிச்சை என்ற முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. வரும் தடவைகள் பெரிதாகக் குறையாது, அது தரும் தொல்லை குறையும். கலியாண வீட்டில் பட்டுச்சீலையோடு நிற்கும்போது சூடு கிளம்புகிறது. "எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்" என்று மனம் சொன்னவுடன் படபடப்பு இரட்டிப்பாகும். "இது மூன்று நிமிடம், போய்விடும்" என்று சொல்லப் பழகி, தோளை இறக்கி, மூச்சை வயிற்றில் விட்டு நிற்பது ஒரு கைத்திறன், சமையல் போலப் பழகத்தான் வரும். வெறும் மூச்சுப் பயிற்சியும் யோகாவும் மட்டும் எண்ணிக்கையைக் குறைத்ததாக நிரூபணம் இல்லை. மனத்துக்கு இதமென்றால் செய்யுங்கள்.

அம்மா இப்ப எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறா. நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்ட மகளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிள்ளை, அம்மா எத்தனை மணிக்கு எழும்புகிறா என்று ஒரு வாரம் பார். இரவு மூன்று முறை நனைந்து எழும்பி, விடிய ஐந்து மணிக்கு அடுப்படிக்கு வருபவவுக்குக் கோபம் வராமல் என்ன வரும்? ஃபேனை அவ பக்கம் திருப்பி விடு. மத்தியானச் சமையலில் அடுப்புப் பக்கம் நீ நில். அப்பாவிடமும் சொல், அவருக்கு இது பற்றி யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அழுகை நிற்காமல், எதிலும் விருப்பமில்லாமல், "இருந்தென்ன" என்று பேசத் தொடங்கினால் அது சூட்டுக்கு அப்பாற்பட்டது. அம்மாவைத் தனியே விடாமல் வைத்தியரிடம் கூட்டிப்போ. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

எங்கே போவது? டொக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனைகளை அங்கே காசில்லாமல் செய்வார்கள். அங்கிருந்து தேவையென்றால் பெண்நோயியல் நிபுணருக்கு, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ, கடிதம் தருவார்கள்.

சொல்வதுதான் கஷ்டம். எனக்கு 49 வயதில், தாதியாக இருந்தும், ஒரு கிளினிக்கில் "உடம்பு சூடாக இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அந்த வைத்தியர் தலை நிமிராமல் "வயசுதானே" என்று விற்றமின் எழுதித் தந்தார். வாசலில் சனம் நிரம்பி இருந்தது, அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த முறை வேறொருவரிடம் கொப்பியோடு போனேன். வாய் திறக்க முன் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தேன். அவர் வாசித்துவிட்டு, பேனையை வைத்துவிட்டு, "இரவில் இத்தனை முறையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சிகிச்சை தொடங்கியது.

கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே ஒரு வசனத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்: "டொக்டர், எனக்கு மாதவிடாய் வராமல் எட்டு மாதம். ஒரு நாளைக்கு ஏழு முறை சூடு வருது, இரவில் மூன்று முறை எழும்புறன், இரண்டு வாரக் கணக்கு இதில் இருக்கு. ஹோர்மோன் மருந்து எனக்குச் சரிவருமா, இல்லாட்டி வேறு என்ன இருக்கு எண்டு சொல்லுங்கோ."